இலை மட்டும் போதும்

மக்களே,

உன்னைப் பெற்றது என் அக்கா, வளர்த்தது நான், கெடுத்தது உன் மாமி. இந்த மூன்று அதிகாரங்களில் நடுவிலுள்ளதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சென்னையிலிருந்து நீ போட்ட காகிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. உன் மாமி அதை அடுக்களை வாசலில் நின்று சத்தமாக ஒரு தடவையும், எனக்குக் காது மந்தம் என்று அவளாக முடிவு கட்டியிருப்பதால் இன்னும் சத்தமாக இன்னொரு தடவையும் வாசித்தாள். கொல்லத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் உன்னை டிரில் மாஸ்டராக அழைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்த வேகத்தில் தலை இடித்து, கூரை ஓடு நாலைந்து பறந்துபோய் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் விழுந்ததாகக் கேள்வி. ஆனால் அடுத்த வரியிலேயே நீ என்னைத் திரும்ப உட்கார வைத்துவிட்டாய். ஒரு போட்டியில்கூட நீ கோல் போட்டதில்லையாம். பிள்ளைகள் முதல் நாளே, சார் எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்களாம். சொல்ல உன்னிடம் பதில் இல்லையாம். அதனால் வேலை வேண்டாமென்று எழுதிவிடலாம் என்று இருக்கிறாயாம். அந்த மறுப்பைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் இதை முழுக்க வாசித்துவிடு. வாசித்த பிறகும் மறுக்கத் தோன்றினால் மறுத்துக்கொள். அப்போது நான் நடந்தே கொல்லம் போய் அந்த வேலையில் சேர்ந்துவிடுவேன். அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்துக்கொள்.

முதலில் சரித்திரம். பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தது யாரென்று உனக்குச் சென்னையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குத் தெற்கே அதைக் கொண்டுவந்தவன் நான். நாகர்கோவில் டவுன் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், காதில் வாங்காதே. கோடை லீவில் வாத்தியார்களுக்கான பயிற்சிக்கென்று சென்னைக்குப் போன நான், திரும்பும்போது ஒரு தோல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கணவாய்க் காற்றில் பந்து மேலே இழுக்க, பந்தை நான் பிடிக்க, என்னை பஸ் பிடிக்க, மூன்று பேரும் தரையில் படாமலே தோவாளை வரை வந்தோம். வேதக்கோயிலுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சபைக் களம்தான் நமக்கு மைதானம். இரண்டு தலைப்பிலும் தென்னந்தடியை நட்டு, கொல்லப்பட்டறையில் பழைய பீப்பாய் வளையத்தை அடித்து வளைத்து மாட்டினோம். வலைக்கு நான் முட்டம் போனேன். அங்கே வலை பின்னுகிறவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அடி இல்லாத வல எதுக்கு சாரே? உள்ள போனது பூரா வெளிய போயிருமே" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்படித்தான் வேண்டுமென்று எவ்வளவோ சொன்னேன். ஆனாலும் மனசு கேட்காமல் அடியை இறுக்க முடிந்தே கொடுத்தனுப்பினார். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு கோலுக்கும் உன் கூட்டாளி தங்கையன் தென்னந்தடியில் ஏறி, சுறாவை எடுக்கிற மாதிரி பந்தை எடுத்துப் போட்டான். பிறகு நான் அடியை அறுத்தேன். அந்த மனிதர் பிற்பாடு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, நல்ல வலையைக் கெடுத்துவிட்டாயே என்று ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆனாலும் அந்த வலை பத்து வருஷமாக அறுபடாமல் தொங்குகிறது. கடல் உப்புக்கே அசையாத கை அவருடையது. அவருக்கு இங்கேயே ஒரு நன்றி.

கொல்லத்துப் பிள்ளைகளும் வளையத்தைக் கண்ட உடனே பந்தை அதை நோக்கி எறியத்தான் பார்ப்பார்கள். எறிய விடாதே. வலையின் அடியை அறுத்த கையோடு நான் உங்களுக்குச் செய்தது போல வளையத்தை ஒரு நெல்லுச் சாக்கால் மூடிவிடு. முதல் மாசம் கையும் காலும் கண்ணும் மட்டும்தான் பாடம். பந்து வந்ததும் தங்கையன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவானே, ஞாபகம் இருக்கிறதா? அவன் கையைப் பழக்கத்தான், சென்னையில் வாத்து முட்டை என்பார்களே, அந்தத் தாராமுட்டையை நான் எறியச் சொன்னேன். விறைத்த கையில் முட்டை உடையும், பின்னால் இழுத்து வாங்குகிற கையில் உடையாது. அந்த வாரம் நீங்கள் உடைத்த முட்டைக்கு நாஞ்சில் நாட்டு வயல்களில் தாரா என்ற இனமே இல்லாமல் போயிருக்க வேண்டும். தலையில் முட்டை வழிய வீட்டுக்கு வந்த அத்தனை பேரையும் உன் மாமி கிணற்றடியில் வரிசையாக நிறுத்திச் சீயக்காய் தேய்த்தாள். அந்தப் புண்ணியவதிக்கு இரண்டு நன்றி. அப்புறம் கால். பந்தோடு நின்ற பிறகு ஒரு காலை ஊன்றி மறு காலால்தான் சுற்ற வேண்டும் என்பதை நான் படம் போட்டும் விளக்கினேன், பாட்டாகவும் பாடினேன். எவனுக்கும் ஏறவில்லை. கடைசியில் எல்லோரையும் வயலில் இறக்கி, சேற்றில் புதைந்த காலை எடுக்காமல் பக்கத்தில் நிற்கிறவனிடம் நாற்றுக்கட்டை வாங்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது கண் பந்தில் இருக்கக் கூடாது. அதற்கு நான் எதிரே நின்று முகத்தைக் கோணுவேன். சிரிக்காதவன் குனிந்து பந்தைப் பார்க்கிறான் என்று அர்த்தம். உன் முகம் அழகான முகம், கோணினாலும் சிரிப்பு வருமா தெரியவில்லை. வேறு ஏதாவது வழி கண்டுபிடித்துக்கொள்.

எல்லாவற்றிலும் கடினம், பந்தை அடுத்தவனுக்குக் கொடுப்பது. கையில் கிடைத்ததைக் கொடு என்றால் எந்தப் பயலும் கொடுக்க மாட்டான். உங்களுக்கு அதை விளக்க எனக்கு ஒரு மாசம் தூக்கம் போயிற்று. அப்போதுதான் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அறுப்பு முடிந்து சபை முழுக்க உட்கார்ந்து உண்ணுகிற பந்தியில் நீங்கள்தான் வாளி தூக்கினீர்கள். எரிசேரி வாளியோடு தங்கையன் போன போக்கைப் பார்த்தேன். அவன் கண் வாளியில் இல்லை, தனக்குத் தெரிந்தவன் முகத்திலும் இல்லை. எந்த இலை காலியாகிறதோ அங்கே கரண்டி போய் நிற்கிறது. மறுநாள் களத்தில் உங்களைக் கூட்டி வைத்து, உலகம் இதுவரை கேட்டிராத ஒரு பிரசங்கம் செய்தேன். பந்துதான் சோறு, ஆட்கள்தான் இலை, காலியான இலையைப் பார்த்துப் பரிமாறுங்கள் என்றேன். உங்கள் முகத்தில் எல்லாம் விளக்கெரிந்தது. ஒரே நாளில் பந்து கைக்குக் கை பறந்தது. அந்த ஓட்டத்தில் கொக்கும் நாரையும் வழி தெரியாமல் திகைத்து மரத்தில் உட்கார்ந்துவிட்டன. பந்தியில் நாம் பரிமாறுகிற முறையில் இன்னொரு சட்டமும் இருக்கிறது என்பதை அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இதற்கிடையில்தான் சபைக் கமிட்டித் தலைவர் பொன்னையா வந்து நின்றார். கும்பப்பூ அறுவடை நெல் முழுக்கக் காய வேண்டும், களத்தில் தென்னந்தடியும் பயல்களும் இருந்தால் எங்கே காய்வது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் களம் போனால் நமக்கு வேறு இடம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தங்கையன் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்ததே சாயங்காலம் பந்து உண்டு என்பதற்காகத்தான். பந்து நின்றால் மறுநாளே அவன் அவனுடைய அண்ணனோடு கயிறு திரிக்கப் போய்விடுவான். நான் நாலு மணி நேரம் வாதாடினேன், வானமே இறங்கி வந்து கேட்டது. பொன்னையா மட்டும் இறங்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "டவுன் பயக்கள ஜெயிச்சா களம் ஒங்களுக்கு. தோத்தா அன்னைக்கே கம்பப் புடுங்கிட்டு நெல்லக் காயப் போட்டிருவேன், கேட்டீரா சாரே." டவுன் பையன்களை நாம் ஜெயிப்போம் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நினைக்கவில்லை.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஆனால் நீ உள்ளே நின்றாய், நான் வெளியே நின்றேன். வெளியே நின்றவனுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கோயில் மதிலில் உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர்த்தால் ஐம்பது பேர் இருக்கலாம் என்கிறாள் உன் மாமி. அவளுக்கு எண்ணத் தெரியாது. டவுன் பையன்கள் ஒரே நிறச் சட்டையும் கான்வாஸ் ஜோடுமாக வந்து இறங்கினார்கள். நீங்கள் ஐந்து பேரும் வெறுங்காலோடு, ஐந்து நிறத்தில் நின்றீர்கள். பொன்னையா நெல்லுச் சாக்குகளை வண்டியோடு களத்தோரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவில் பந்தைத் தூக்கிப் போட்டு இரண்டு பேர் குதிக்க வேண்டும் என்பது அப்போது சட்டம். இப்போது அதை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய், அநியாயம். குதிப்பதில் பெருமாளை மிஞ்ச எவனும் இல்லை. அய்யாவழிக் குடும்பத்துப் பையன், நெடுநெடுவென்று பனை மாதிரி வளர்ந்தவன். அவன் குதித்தால் திரும்பி வருகிற வரை நாம் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். அவன் தட்டிவிடுவான், தங்கையன் பிடிப்பான், உடனே உன்னிடம் கொடுப்பான். அடுத்த தடவையும் உன்னிடம். அதற்கடுத்ததும் உன்னிடம். பெருமாள் வளையத்துக்கு அடியில் தனியாக நிற்பான், ஆனாலும் பந்து உன்னிடம்தான் வரும். டவுன் பையன்கள் கண் இல்லாதவர்களா? கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் உன்னைச் சுற்றி வேலி கட்டிவிட்டார்கள். நீ ஊன்றிய காலில் சுற்றிச் சுற்றி, களத்தில் குழி விழுந்து தண்ணீர் ஊறாததுதான் பாக்கி. பந்தை அவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்க் கோல் போட்டார்கள். பொன்னையா ஒரு சாக்கின் வாயை அவிழ்க்க ஆரம்பித்தார்.

இடைவேளையில் நீங்கள் புன்னை மரத்தடியில் வந்து விழுந்தீர்கள். நான் என் ஆயுளிலேயே சிறந்த சொற்பொழிவைத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கையனிடம் பேசினாய்.

"ஏலே, பெருமாள் சும்மா நிக்கான். எனக்கே எதுக்கு தந்துட்டு இருக்க?"

தங்கையனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "சாருதான சொன்னாரு, பந்தியில பரிமாறுத மாதிரின்னு. ஐயர் இலைக்கு முதல்ல வைக்கண்டாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் சபையில் போதகரை ஐயர் என்கிறோம். பண்டிகைப் பந்தியில் முதல் கரண்டி ஐயர் இலைக்குத்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. நீ ஐயர் மகன். உன் அப்பா வராத இடத்தில் ஐயர் இலை உன் இலை. உலகத்தில் எந்தத் தேசத்திலும் எந்த டீமும் இந்தக் காரணத்துக்காகப் பந்தை இழந்திருக்காது, சத்தியம் செய்வேன். அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிட்டு ஒன்றாய் உண்கிற தாங்கலை நினைத்துப் பெருமாள் மட்டும் முணுமுணுத்தான், "எங்க தாங்கல்ல முதல் இலைன்னு ஒண்ணு கெடையாது. எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வைப்பாவ." அதற்குத் தங்கையன், இது தாங்கல் களம் இல்லை, சபைக் களம் என்றான். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பாஸ்கெட்பால் போய் மதச்சண்டை வந்திருக்கும். அந்த இடத்தில்தான் நீ சிரித்தாய், மக்களே. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில், களம் கைவிட்டுப் போகிற நேரத்தில், பதினைந்து வயதில் நீ சிரித்தாய்.

"எங்கப்பா என்னைக்குலே முதல் பந்தியில உண்டிருக்காரு? இலைக்கு முன்னால இருந்து ஜெபம் பண்ணுவாரு, சோத்தத் தொடமாட்டாரு. கடைசிப் பந்தி உண்ட பொறவுதான் அவருக்கு. எனக்கும் அப்படியே செய்யுங்க. இலை மட்டும் போதும். சோறு அந்தப் பக்கம் போவட்டும்."

உன் அப்பாவின் பொறுப்பிலிருந்த சேகரத்தின் எல்லாச் சபைகளுக்கும் அவர் நடந்தே போய்வந்தார், அதனால்தான் தாயில்லாத உன்னை என் வீட்டில் விட்டிருந்தார். ஒவ்வொரு பண்டிகையிலும் அவர் அந்தத் தொடாத இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. அதிலிருந்து ஒரு ஆட்டத்தை எடுக்கலாம் என்று உன் ஒருவனுக்குத்தான் தோன்றியது. நான் என் சொற்பொழிவை மடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் நீ போய் வலது மூலையில் நின்றாய். களத்தில் இருக்கிற இடங்களிலேயே உதவாத இடம் அது, அங்கிருந்து கோல் போட மனிதப் பிறவியால் ஆகாது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பசித்தவன் மாதிரி நின்றாய். தங்கையன் கண்ணை உன் மேல் வைத்து, பந்தை உன் பக்கம் நீட்டி, வாயால் "இந்தா" என்று வேறு சொல்லுவான். மூன்று டவுன் பையன்களும் உன் மேல் பாய்வார்கள். பந்து அந்தப் பக்கம் பெருமாளுக்குப் போய்விடும். அங்கே நாலு பேருக்கு எதிரே இரண்டே பேர். பந்து வளையத்தில் விழுந்துகொண்டே இருந்தது. வலை ஆடிய ஆட்டத்தில் கிளம்பிய காற்றில் முட்டத்துக் கலங்கரை விளக்கம் அணைந்துவிட்டதென்று அப்புறம் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ மூலையில் வெறுங்கையோடு நின்றாய். ஒவ்வொரு தடவையும் அதே பசியோடு கையை நீட்டினாய். அதை ஒரு தடவை செய்ய எவனாலும் முடியும். சலிக்காமல் மறுபடி மறுபடி செய்ய உன்னைத் தவிர ஒருவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துவிட்டார். டவுன் பையன்களுக்கும் அதற்குள் விஷயம் புரிந்துபோயிற்று. மூலையில் நிற்கிறவன் வெறும் இலை என்று உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தங்கையனை இரண்டு பேர் நெருக்க, அவன் வேறு வழியில்லாமல் பந்தை நிஜமாகவே உன்னிடம் எறிந்தான். நீ மூலையை விட்டு இரண்டடி முன்னால் வந்து வாங்கினாய். எதிரே யாருமில்லை. வளையம் உனக்காகவே திறந்திருந்தது. மதிலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். காலியான இலையைப் பார்த்துப் பரிமாறு என்று ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்திய நான், என் பாடம் மொத்தத்தையும் மறந்துவிட்டு, "போடு மக்கா, போடு" என்று கத்தினேன். நீ பந்தை நெற்றி வரை தூக்கினாய். உன்னைத் தடுக்க ஒருவன் ஓடிவந்தான். அவன் ஓடிவந்த இடம் காலியாகி, அங்கே பெருமாள் தனியாக நின்றான். நீ போடவில்லை. பெருமாள் கையில் வைத்தாய், இலையில் வைக்கிற மாதிரி மெல்ல. அவன் போட்டான். விசில் ஊதியது.

பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நீயும் அவன் ஒரு காலைத் தாங்கிக்கொண்டு போனாய். பொன்னையா அவிழ்த்த சாக்கைத் திரும்பக் கட்டினார். பேச்சு மாறாத மனிதர். நெல் காலையில் காயட்டும், பயல்கள் சாயங்காலம் காயட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இன்று வரை அந்தத் தீர்ப்புத்தான் ஓடுகிறது, அவருக்கும் ஒரு நன்றி. போகும்போது உன்னை நிறுத்தி, வளையம் திறந்து கிடந்தும் நீ ஏன் போடவில்லை என்று கேட்டார். "பெருமாளுக்க இலை காலியா கெடந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம் நான் சொன்னதே கிடையாது. அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில், எல்லோரும் போன பிறகு, மறந்து வைத்த துண்டை எடுக்கக் களத்துக்குத் திரும்பி வந்தேன். நீ மட்டும் அங்கே இருந்தாய். பந்து உன்னிடம் வந்த அதே இடத்தில் நின்று, வளையத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் மதிலுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். நீ போட்டது விழுந்தது. மறுபடி போட்டதும் விழுந்தது. பீப்பாய் வளையத்தின் விளிம்பில்கூடப் படாமல் நேராக விழுந்தது. இந்தக் கடிதத்தில் நான் எதையெல்லாம் பெருக்கி எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இதைப் பெருக்கவில்லை. உன்னால் போட முடியும் என்பது உனக்கும் தெரிந்திருந்தது, அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் நீ கொடுத்தாய். தங்கையன் அதற்குப் பிறகு பள்ளிப் படிப்பை முடித்தான், இப்போது முட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். அன்றைக்கு நான் துண்டை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். என் அக்கா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். அவள் இல்லாததால் கிணற்றடியில் நின்று கொஞ்ச நேரம் கர்த்தரிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட ஒருவனை எனக்கு வளர்க்கக் கொடுத்ததற்கு.

ஆகையால், கொல்லத்துப் பிள்ளைகள் எத்தனை கோல் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பிறகு அவர்களில் எவன் வெறுங்கையோடு மூலையில் நிற்கத் தயார் என்று கேள். முதல் வாரம் ஒருவனும் வரமாட்டான். வருகிற ஒருவனை வைத்து நீ டீம் கட்டு. மலையாளத்தில் அவர்களைத் திட்ட வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். நம் ஊர்த் தமிழைக் கேட்டுப் பாதி உலகம் அதை மலையாளம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது, நீ பாட்டுக்குப் பேசு.

போன வாரம் சாயங்காலம் களத்துப் பக்கம் போயிருந்தேன். இப்போதிருக்கிற பொடியன்களில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பிரித்துவிட்டு என்னவென்று கேட்டேன். வலது மூலையில் இன்றைக்கு யார் நிற்பது என்பதுதான் சண்டை. அந்த மூலைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ஐயர் மகன் மூலை. ஐயர் மகன் என்றால் யார் என்று கேட்டேன். ஒருவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியாது சாரே. ஆனா அங்க நிக்கவன்தான் டீமுல பெரியவன்" என்றான். மற்றவன் அதற்குள் ஓடிப்போய் அங்கே நின்று கையை நீட்டிவிட்டான். நீயே வந்து பார்த்துக்கொள்.

கொல்லத்துக்குச் சம்மதம் என்று எழுதிப் போட்டுவிட்டு, வேலைக்குச் சேருகிற வழியில் இங்கே இறங்கு. ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்குகிறது, உன் அப்பாவும் வருகிறார், பந்திக்குத் தங்கையனும் பெருமாளும் வாளி தூக்குகிறார்கள். உனக்கு ஒரு இலை போட்டு வைக்கிறேன். இந்தத் தடவை சோறும் உண்டு.

உன் மாமா